கனடா எக்ஸ்பிரஸ் என்ட்ரி: விதி மாறினாலும் கோப்பு தயாராக இருக்க என்ன செய்யலாம்

கனடாவில் நிரந்தரமாகக் குடியேற விரும்புகிறவர்களைப் புள்ளி போட்டு வரிசைப்படுத்தி அழைக்கும் முறைதான் எக்ஸ்பிரஸ் என்ட்ரி. 2025 மார்ச் 25 அன்று அதில் என் கணக்கில் 50 புள்ளி குறைந்தது. நான் எதையும் மாற்றவில்லை. ஒன்றரை ஆண்டு அலைந்து வாங்கிய கனடா வேலைக் கடிதத்துக்கு அதுவரை கொடுத்துவந்த புள்ளியை அன்றோடு நிறுத்திவிட்டார்கள். அறிவிப்பு 2024 டிசம்பரிலேயே வந்துவிட்டது. நான்தான் வாரத்துக்கு இரண்டு முறை கட்-ஆஃப் எண்ணை (எத்தனை புள்ளி இருந்தால் அழைப்பு வரும் என்பதை) பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர, அறிவிப்பைப் படிக்கவில்லை. போதாக்குறைக்கு என் ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு மதிப்பெண் மே மாதம் காலாவதியாக இருந்தது. அதையும் கவனிக்கவில்லை.

கனடாவுக்கு வெளியே இருந்து, ஏஜென்ட் இல்லாமல் விண்ணப்பிக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கியூபெக் மாகாணத்துக்குத் தனித் தேர்வு முறை இருக்கிறது. அங்கே போக விரும்புகிறவர்களுக்கு இது உதவாது.

1. காலாவதித் தேதிகளை ஒரே தாளில் எழுதுங்கள்

புள்ளிக் கணக்குக்கு முன் இதைச் செய்யுங்கள். மொழித் தேர்வு முடிவு இரண்டு ஆண்டு செல்லும். கல்விச் சான்று மதிப்பீடு, அதாவது ஈசிஏ, ஐந்து ஆண்டு. எக்ஸ்பிரஸ் என்ட்ரி புரொஃபைல் 12 மாதம். மருத்துவப் பரிசோதனை 12 மாதம். வீட்டில் எல்லோருடைய பாஸ்போர்ட் முடியும் தேதியையும் சேர்த்து எழுதுங்கள். கடைசி வரியில் உங்கள் பிறந்தநாள். 29 வயது வரை முழுப் புள்ளி. தனி ஆளுக்கு அது 110. முப்பதைத் தாண்டினால் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஐந்தோ ஆறோ போகும். நாற்பதைத் தாண்டினால் 11 போகும். 45-இல் பூஜ்யம்.

விண்ணப்பிக்கச் சொல்லி அழைப்பு வரும் நாளில் மொழித் தேர்வு செல்லுபடியாக இருந்தால் போதும் என்று நினைத்துத்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கும் நாளிலும் அது உயிரோடு இருக்க வேண்டும். அழைப்புக்குப் பின் 60 நாள் அவகாசம் என்பதால், கையில் குறைந்தது நான்கு மாதம் மிச்சம் இருக்கும்போதே அடுத்த தேர்வை எழுதிவிடுங்கள். நான் மே மாதத்தில் அவசர அவசரமாக எழுதி, பேச்சுத் தேர்வில் அரை பேண்ட் இறங்கி, மறுபடி பணம் கட்டி எழுதினேன்.

2. ஆண்டில் எந்த மாதங்களில் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும்

நவம்பர் தொடக்கத்தை ஒட்டி கனடா அரசின் குடியேற்ற அளவுத் திட்டம் வரும். அடுத்த மூன்று ஆண்டுக்கு எத்தனை பேரை, எந்த வழியில் எடுப்பார்கள் என்பது அதில் இருக்கும். இது ஏதோ புள்ளிவிவரம் என்று தள்ளிவிடாதீர்கள். மாகாண நியமனத்துக்கு, அதாவது ஒரு மாகாணமே உங்களைத் தேர்ந்து பரிந்துரைக்கும் வழிக்கு, 2024-க்கான இலக்கு 1,10,000. 2025-க்கு அதை 55,000 ஆக வெட்டினார்கள். 2026-க்கு 91,500 என்று மறுபடி ஏற்றினார்கள். மாகாண நியமனம் கிடைத்தால் 600 புள்ளி என்பதால் அதையே நம்பியிருந்தவர்களுக்கு 2025 என்ன ஆண்டாக இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆண்டுத் தொடக்கத்தில் பிரிவுவாரித் தேர்வுப் பட்டியல், அதாவது குறிப்பிட்ட தொழில் அல்லது மொழிப் பிரிவினரை மட்டும் அழைப்பதற்கான பட்டியல், மாறலாம். 2025-இல் பிப்ரவரி இறுதியில் மாறியது. நீங்கள் காட்ட வேண்டிய கையிருப்புத் தொகை ஆண்டின் நடுவில் ஏறும், 2025-இல் அது ஜூலையில். விண்ணப்பக் கட்டணம் 2020, 2022, 2024 என இரட்டைப்படை ஆண்டுகளில் ஏப்ரல் 30 அன்று ஏறியிருக்கிறது.

இவற்றைக் கனடா அரசின் தளத்தில் மட்டும் பாருங்கள். யூடியூபில் “பிரேக்கிங்” என்று சிவப்பு எழுத்தில் வருகிறவற்றில் பாதி, ஆலோசனை கேட்பு நிலையில் உள்ள யோசனைகள். யோசனைக்கும் அமலுக்கு வரும் தேதிக்கும் நடுவே மாதக்கணக்கு ஓடும். தேதி போடாத அறிவிப்பை நம்பி எந்தச் செலவும் செய்யாதீர்கள்.

3. விதி மாறினாலும் தங்கும் புள்ளியில் பணத்தைப் போடுங்கள்

பலரிடம் நான் சொல்லிச் சொல்லி வாய் வலித்த கணக்கு இது. 33 வயது, திருமணமாகாதவர், நான்கு ஆண்டு இளநிலைப் பட்டம், மூன்று ஆண்டுக்கு மேல் வெளிநாட்டு அனுபவம், கனடாவில் படிப்பும் வேலையும் இல்லை என்று வையுங்கள். ஐஈஎல்டிஎஸ் ஜெனரலில் வாசிப்பு, எழுத்து, பேச்சு மூன்றிலும் 7, கேட்டலில் 7.5 எடுத்தால் அவருடைய சிஆர்எஸ், அதாவது மொத்தத் தரவரிசைப் புள்ளி, 362. அதே ஆள் கேட்டலில் 8 எடுத்தால் 407. அரை பேண்டுக்கு 45 புள்ளி!

காரணம் இதுதான். நான்கு திறனிலும் சிஎல்பி 9 (சிஎல்பி என்பது ஆங்கிலத் திறனுக்குக் கனடா வைத்திருக்கும் அளவுகோல்) தொட்டால்தான் பட்டத்துக்கும் அனுபவத்துக்கும் கூடுதல் புள்ளி முழுதாகத் திறக்கும். ஒன்றில் சறுக்கினாலும் பாதிதான் கிடைக்கும். ஆகவே “ஏழு வந்துவிட்டது, போதும்” என்று உட்காராதீர்கள். சிஎல்பி 9-க்குக் கேட்டலில் மட்டும் 8 வேண்டும், மற்றவற்றில் 7 போதும். பயிற்சி நேரத்தைக் கேட்டலுக்கு ஒதுக்குங்கள். அகாடமிக் தேர்வை எழுதிவிட்டு வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது செல்லாது, ஜெனரல் டிரெயினிங்தான் வேண்டும். செல்பிப் ஜெனரல், பிடிஇ கோர் என்ற ஆங்கிலத் தேர்வுகள் இரண்டும் ஏற்கப்படும்.

இரண்டாவது முதலீடு பிரெஞ்சு. டிஇஎஃப் கனடா அல்லது டிசிஎஃப் கனடா தேர்வில் நான்கு திறனிலும் என்சிஎல்சி 7 (சிஎல்பி போலவே பிரெஞ்சுக்கான அளவுகோல்) எடுத்தால், ஆங்கிலம் நன்றாக இருப்பவருக்கு 50 போனஸ். இரண்டாம் மொழிக்கான 12 தனி. இதைவிட முக்கியம், பிரெஞ்சுக்கென்று தனி அழைப்புச் சுற்று நடக்கிறது. 2025 மார்ச்சில் அப்படி ஒரு சுற்றின் கட்-ஆஃப் 379. அதே ஆண்டு, கனடாவில் ஏற்கெனவே வேலை பார்த்தவர்களுக்கான கனடா அனுபவப் பிரிவுச் சுற்றுகள் 500-க்குக் கீழே இறங்கவில்லை. பிரெஞ்சு மூன்று மாதத்தில் வந்துவிடும் என்று விளம்பரம் செய்கிறவர்களை நம்பாதீர்கள். பி2 நிலை (ஏறக்குறைய என்சிஎல்சி 7) வர, வேலைக்குப் போய்க்கொண்டே படித்த எனக்கு ஒன்றே முக்கால் ஆண்டு ஆனது. அதில் முதல் ஓராண்டு வகுப்புக்குப் போனேன் என்று சொல்லலாம், படித்தேன் என்று சொல்ல முடியாது.

தம்பதியாக விண்ணப்பிப்பவர்கள் இருவர் பெயரிலும் தனித்தனியே கணக்குப் போட்டுப் பாருங்கள். யாரை முதன்மை விண்ணப்பதாரராக வைக்கிறோம் என்பதிலேயே புள்ளி மாறும்.

4. உங்கள் வேலை எந்தப் பட்டியலில் என்று பாருங்கள், ஆனால் பட்டியலோடு கல்யாணம் வேண்டாம்

கனடாவில் என்ஓசி என்பது தொழில் வகைப்பாட்டு எண். நம் ஊர் ஆட்சேபணை இல்லாச் சான்று அல்ல. 2022 நவம்பரிலிருந்து அது ஐந்து இலக்கம். டீர் என்பது வேலைக்குத் தேவையான படிப்பு, பயிற்சி, அனுபவத்தின் நிலை. டீர் 0 முதல் 3 வரை உள்ள வேலைகளே எக்ஸ்பிரஸ் என்ட்ரிக்குச் செல்லும். எண்ணைப் பதவிப் பெயரை வைத்துத் தேடாதீர்கள். ஒவ்வொரு எண்ணின் கீழும் முதன்மைக் கடமைகள் என்று ஒரு பட்டியல் இருக்கும். நீங்கள் தினமும் செய்யும் வேலை அதில் பெரும்பகுதியோடு பொருந்த வேண்டும். ‘மேனேஜர்’ என்று விசிட்டிங் கார்டில் இருப்பதாலேயே மேலாளர் எண்ணைப் போட்டு நிராகரிக்கப்பட்டவர் என் நண்பர்.

2023-இல் பிரிவுவாரித் தேர்வு தொடங்கியபோது மென்பொருள் வேலைகள் அறிவியல்-தொழில்நுட்பப் பிரிவில் இருந்தன. 2025 பிப்ரவரியில் அவற்றில் பெரும்பாலானவை வெளியே போயின. போக்குவரத்துப் பிரிவே அப்போது எடுக்கப்பட்டது, கல்விப் பிரிவு புதிதாக வந்தது. பட்டியலில் இருந்தாலும் அந்தப் பிரிவுக்கு அந்த ஆண்டு சுற்று நடத்தியே ஆக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. அதனால் பட்டியலில் இருந்தால் மகிழ்ச்சி, இல்லாவிட்டால் மேலே சொன்ன மொழிப் புள்ளியைப் பாருங்கள். பட்டியலுக்காக வேலை மாறுவது வீண்.

5. இனிஷியல் தொல்லை

இதற்கென்று ஒரு தலைப்பு எதற்கு என்று தோன்றும். நம்மவர்களுக்குத் தேவை. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் செந்தில்குமார் ரா., பட்டத்தில் ஆர். செந்தில்குமார், பாஸ்போர்ட்டில் கிவன் நேம் இடத்தில் ‘செந்தில்குமார்’, சர்நேம் காலி. வருமான வரி அட்டையில் அப்பா பெயரும் சேர்ந்த முழுப் பெயர். நமக்கு நான்கும் ஒரே ஆள். கோப்பைப் பார்க்கும் அலுவலருக்கு நான்கு ஆள்.

பாஸ்போர்ட்டில் சர்நேம் காலியாக இருந்தால், கனடா படிவத்தில் முழுப் பெயரையும் குடும்பப் பெயர் கட்டத்தில் போட்டு, கிவன் நேம் கட்டத்தை விட்டுவிட வேண்டும். அப்பா பெயரைச் சர்நேமாக நீங்களே கண்டுபிடித்துப் போடாதீர்கள். மொழித் தேர்வுக்குப் பதிவு செய்யும்போதும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே கொடுங்கள். மற்ற சான்றுகளுக்காக நோட்டரியிடம் ‘இந்தப் பெயர்கள் எல்லாம் ஒரே நபரைக் குறிக்கும்’ என்று ஓர் உறுதிமொழிப் பத்திரம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டில் சர்நேம் சேர்க்க வேண்டும் என்று முடிவெடுத்தால், இந்த வேலை எதையும் தொடங்கும் முன் அதை முடியுங்கள். நடுவில் மாற்றினால் எல்லாத் தாளையும் மறுபடி மாற்ற வேண்டி வரும்.

6. டிரான்ஸ்கிரிப்ட்டும் ஈசிஏவும்

ஈசிஏ தருகிற நிறுவனங்களில் நம்மவர்கள் அதிகம் போவது வெஸ். மருத்துவர், மருந்தாளுநர், கட்டடக் கலைஞர் ஆகியோருக்கு அவரவர் தொழில் அமைப்பு தனி. விண்ணப்பிக்கும்போது குடியேற்றத்துக்கான ஈசிஏ என்ற வகையையே தேர்ந்தெடுங்கள். மேற்படிப்புக்கான அறிக்கையை வாங்கினால் திரும்பப் பணம் கட்ட வேண்டும்.

தாமதம் வெஸ்ஸில் அல்ல, நம் பக்கத்தில்தான். டிரான்ஸ்கிரிப்ட்டை, அதாவது மொத்த மதிப்பெண் பதிவை, பல்கலைக்கழகமே முத்திரையிட்ட உறையில், அல்லது அவர்கள் ஏற்கும் மின்வழியில், நேரடியாக அனுப்ப வேண்டும். எனக்குப் பதினோரு வாரம் ஆனது. உறையின் மேல் வெஸ் குறிப்பு எண்ணை எழுத மறந்ததால் முதல் உறை எங்கேயோ போய்விட்டது. கேட்டால் “அனுப்பியாச்சு சார்” என்ற ஒரே பதில். ஆகவே: குறிப்பு எண்ணை நீங்களே பெரிய எழுத்தில் அச்சடித்து விண்ணப்பத்தோடு இணையுங்கள், கூரியர் எண்ணைக் கேட்டு வாங்குங்கள், டிரான்ஸ்கிரிப்ட்டில் ஒரு கூடுதல் பிரதிக்கும் சேர்த்தே பணம் கட்டிவிடுங்கள். மற்ற எதைத் தொடங்காவிட்டாலும் இதை இந்த வாரமே தொடங்குங்கள். ஐந்து ஆண்டு செல்லும் என்பதால் சீக்கிரம் எடுப்பதில் நட்டமில்லை.

7. அனுபவக் கடிதம்

புள்ளி இருந்தும் நிராகரிப்பு வருவது பெரும்பாலும் இங்கேதான். நம் நிறுவனங்கள் தரும் கடிதம் எப்படி இருக்கும்? “இன்னார் எங்களிடம் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை பணியாற்றினார். அவர் நடத்தை நன்று. அவர் எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறோம்.” வாழ்த்து நன்றாகத்தான் இருக்கிறது, கனடாவுக்கு அதில் ஒன்றும் இல்லை.

அவர்கள் கேட்பது இவை: நிறுவனத்தின் லெட்டர்ஹெட், முகவரி, தொலைபேசி, மின்னஞ்சல், வகித்த ஒவ்வொரு பதவியும் அதன் தேதிகளும், ஒவ்வொரு பதவியிலும் செய்த கடமைகள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், ஆண்டுச் சம்பளமும் சலுகைகளும், கையொப்பமிடுபவரின் பெயரும் பதவியும். மணி நேரத்தை விட்டுவிடுகிறார்கள், அதுதான் ஆபத்து. வாரம் 30 மணி நேரம் என்ற கணக்கில்தான் ஓராண்டு அனுபவம் என்பதையே அவர்கள் அளக்கிறார்கள். கடமைகளை என்ஓசி பக்கத்திலிருந்து அப்படியே நகலெடுக்காதீர்கள். பார்த்தவுடன் தெரிந்துவிடும். நீங்கள் செய்ததை உங்கள் துறைச் சொற்களில் எழுதி, அது அந்த எண்ணோடு பொருந்துகிறதா என்று பாருங்கள்.

மனிதவளத் துறை “எங்கள் ஃபார்மட் இதுதான்” என்று மறுத்தால் சண்டை போடாதீர்கள். அவர்கள் தரும் கடிதத்தை வாங்கிக்கொண்டு, உங்கள் நேரடி மேலாளரிடம் கடமைகளை விவரித்து நோட்டரி உறுதிமொழி வாங்குங்கள். கூடவே நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், ஃபார்ம் 16, பிஎஃப் பாஸ்புக், சம்பளம் வந்த வங்கிக் கணக்கு விவரம், ஏன் முழுக் கடிதம் கிடைக்கவில்லை என்று ஒரு பக்க விளக்கம். என் முதல் நிறுவனம் மூடப்பட்டு ஆறு ஆண்டு ஆகிவிட்டது. பழைய மேலாளரை ஒரு கல்யாண வீட்டில் பிடித்து, அடுத்த வாரமே நோட்டரியிடம் அழைத்துப் போனேன். பிஎஃப் பதிவில் நான் சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் சரியாக இருந்தது பெரிய உதவி. உங்களுடையதை இன்றே திறந்து பாருங்கள். விலகிய தேதி ஏற்றப்படாமல் பலருக்குக் கிடக்கிறது.

இல்லாத அனுபவத்தை உருவாக்கித் தருகிறோம் என்று வருகிறவர்கள் உண்டு. பிடிபட்டால் தவறான தகவல் என்று ஐந்து ஆண்டு தடை. குடும்பத்தோடு காத்திருக்கும் ஐந்து ஆண்டு.

8. கையிருப்புப் பணம்

கனடாவில் இறங்கியதும் செலவைச் சமாளிக்க உங்களிடம் இருப்பதாகக் காட்ட வேண்டிய குறைந்தபட்சத் தொகை, 2025 ஜூலை 7 நிலவரப்படி: ஒருவருக்கு 15,263 கனடா டாலர், இருவருக்கு 19,001, மூவருக்கு 23,360, நால்வருக்கு 28,362. கணவனோ மனைவியோ பிள்ளையோ உங்களோடு வராவிட்டாலும் கணக்கில் சேர்க்க வேண்டும். கனடா அனுபவப் பிரிவில் வருகிறவர்களுக்கு இது தேவையில்லை.

நிலம், வீடு, நகை எதுவும் கணக்கில் வராது. கடன் வாங்கிய பணமும் ஆகாது. கடைசி நேரத்தில் மாமா கணக்கிலிருந்து பத்து லட்சம் வந்து விழுந்தால், ஆறு மாதச் சராசரி இருப்பு உங்களைக் காட்டிக்கொடுக்கும். பெற்றோர் உண்மையாகவே தருகிறார்கள் என்றால் அன்பளிப்புப் பத்திரமும் அவர்கள் வங்கி விவரமும் இணையுங்கள். சீக்கிரம் மாற்றுங்கள், ஆறு மாதம் ஊறட்டும். ரூபாய் சரியலாம், ஜூலையில் தொகை ஏறலாம். பத்து சதவீதம் கூடவே வையுங்கள்.

வங்கிக் கடிதத்தில் கணக்கு எண், தொடங்கிய தேதி, தற்போதைய இருப்பு, ஆறு மாதச் சராசரி, நிலுவைக் கடன் ஆகியவை லெட்டர்ஹெட்டில் வர வேண்டும். கிளையில் கேட்டால் இருப்புச் சான்று ஒன்றை அச்சடித்துக் கொடுப்பார்கள். அதில் சராசரி இருக்காது. நான் மூன்று முறை நடந்தேன். மூன்றாம் முறை வாசகத்தை நானே தட்டச்சு செய்து பென் டிரைவில் கொண்டுபோனதும் பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது.

9. அழைப்பு வந்த பின் 60 நாள்

எனக்கு 2025 அக்டோபரில் பிரெஞ்சுப் பிரிவில் அழைப்பு வந்தது. நாட்கள் ஓடியது தெரியவில்லை. செய்ய வேண்டிய வரிசை இது.

முதல் வாரத்தில் போலீஸ் சான்று. 18 வயதுக்குப் பின், கடந்த பத்து ஆண்டில் தொடர்ந்து ஆறு மாதமோ அதற்கு மேலோ வசித்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் வேண்டும். இந்தியாவில் பாஸ்போர்ட் சேவா வழியாக 500 ரூபாய். வளைகுடா, சிங்கப்பூர் அனுபவம் உள்ளவர்கள் அழைப்புக்குக் காத்திருக்காமல், அந்த நாட்டு நடைமுறையை முன்பே படித்து வையுங்கள்.

அதே வாரத்தில் மருத்துவப் பரிசோதனைக்கு நேரம் வாங்குங்கள். 2025 ஆகஸ்ட் 21-க்குப் பின் விதி மாறிவிட்டது: விண்ணப்பிக்கும் முன்பே முடித்து அதற்கான தாளை இணைக்க வேண்டும். பழைய வீடியோக்கள் “பிறகு அவர்களே கேட்பார்கள்” என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கின்றன. கனடா அங்கீகரித்த மருத்துவரிடம் செய்த பரிசோதனை மட்டுமே செல்லும். குடும்பத்தில் எல்லோருக்கும் வேண்டும்.

நான் கட்டியபோது இருந்த 2024 ஏப்ரல் விகிதப்படி கட்டணம் பெரியவருக்கு 1,525 டாலர். அதில் 575 நிரந்தர வசிப்புரிமைக் கட்டணம். பிள்ளைக்கு 260. பயோமெட்ரிக்ஸ் தனி ஆளுக்கு 85, குடும்பத்துக்கு 170. நாங்கள் இருவரும் மகளுமாகக் கட்டியது 3,480 டாலர். கார்டின் சர்வதேச வரம்பை முந்தைய நாளே ஏற்றி வையுங்கள்.

தனிப்பட்ட வரலாறு என்று ஒரு பகுதி வரும். பத்து ஆண்டில் ஒரு மாத இடைவெளியும் விடக்கூடாது. வேலை தேடிய மாதங்களையும் எழுதுங்கள்.

10. ஏஜென்ட் வேண்டுமா

தெளிவான கோப்பு என்றால் வேண்டாம். பழைய விசா நிராகரிப்பு, விவாகரத்து, வழக்கு போன்ற சிக்கல் இருந்தால் ஆள் வையுங்கள். வைக்கிறவரின் பெயர் கனடா குடியேற்ற ஆலோசகர்கள் கல்லூரியின் (படிக்கும் கல்லூரி அல்ல, ஆலோசகர்களுக்கு உரிமம் தரும் அமைப்பு) பொதுப் பதிவேட்டில் இருக்கிறதா, அல்லது அவர் கனடா வழக்கறிஞரா என்று நீங்களே தேடிப் பாருங்கள். வேலைக் கடிதம் விலைக்குத் தருகிறேன் என்கிறவரிடம் ஒரு நிமிடம்கூட உட்காராதீர்கள். அந்த வியாபாரத்தை ஒடுக்கத்தான் 2025-இல் புள்ளியையே எடுத்தார்கள், நேர்மையாக வாங்கிய என்னுடையதும் அதோடு போனது.

11. காத்திருக்கும்போது

விண்ணப்பித்த பின் ஆறு மாதம் என்பது அவர்கள் வைத்திருக்கும் இலக்கு. உத்தரவாதம் அல்ல. குழந்தை பிறந்தால், முகவரி மாறினால், வேலை மாறினால் உடனே தெரிவியுங்கள். பாஸ்போர்ட்டைக் கேட்டு அவர்களிடமிருந்து செய்தி வரும்வரை வேலையை விடாதீர்கள், வீட்டையும் காலி செய்யாதீர்கள். நான் அழைப்பு வந்த மகிழ்ச்சியில் வீட்டு உரிமையாளரிடம் “தை பிறந்ததும் கிளம்பிவிடுவோம்” என்று சொல்லிவிட்டேன். அவர் தையிலேயே வேறு குடும்பத்துக்கு அட்வான்ஸ் வாங்கிவிட்டார். இதை மைத்துனர் வீட்டு மாடியில், பிரிக்காத பதினேழு அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து எழுதுகிறேன்.